ஸ்பானர் பிடித்த கைகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன் நோர்பரியிலும் அதனை அடுத்த தோர்ண்டன் ஹீத், ஸ்ரெதம், மிச்சம், ரூட்டிங் முதலிய ஊர்களிலும் வாழ்ந்துவருகிறவர்களும், ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கராஜுகளிலும் லேத் பட்டறைகளிலும் வெல்டிங் கொட்டில்களிலும் வேலை பழகியவர்களுமான பெரியோர்களே, அண்ணன்மார்களே,

உங்களிடம் நேரில் சொல்லவேண்டுமென்று எண்ணி, கோயில் வாசலிலும் கலியாண மண்டபத்திலும் பேச்சை எடுத்தபோதெல்லாம், ஊர்ப் புதினமும் அரசியலும் குறுக்கே வந்து விழுந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே நான் திரும்பியிருக்கிறேன். அவ்வாறு நழுவவிடத் தகாத விஷயம் இது என்று தோன்றுவதனால், உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் வயதில் உங்களுக்கு இளையவன். பகல் முழுதும் கந்தோரில் கணக்கெழுதி ஜீவிப்பவன். தொழிலைப் பொறுத்தவரை உங்கள் முன்னே நிற்கவும் யோக்கியதை இல்லாதவன். ஆயினும் உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதன்பின் ஒரு விண்ணப்பத்தையும் முன்வைக்க உத்தேசித்திருக்கிறேன்.

என் வீட்டுக் கராஜில், 1971ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபியட் 500 ஒன்று, சில்லுகள் கழற்றப்பட்டு, நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்பதை உங்களிற் பலர் வந்து பார்த்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் சிரித்தீர்கள். 'விளையாட்டுச் சாமானோ தம்பி?' என்று கேட்டார் ஒருவர். 'இதுக்குள்ள கொட்டுற காசுக்கு நல்ல ரொயோட்டா ஒண்டு எடுக்கலாமே' என்றார் இன்னொருவர். சிரிப்பில் எனக்கு வருத்தமில்லை. சிரித்து முடிந்த பின் நடந்ததுதான் என்னை உறங்கவிடாமற் செய்தது. சிரித்த அதே மனிதர், கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, காரை ஒரு தரம் மெதுவாகச் சுற்றி நடந்தார். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிச் சட்டத்தருகில் குனிந்து, விரல் மொழியால் இரண்டு இடத்தில் தட்டினார். 'இங்க தகடு, இங்க பசை' என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்தச் சட்டத்தை அறுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்லிக் கணிசமான பணம் வாங்கிய ஒரு பட்டறை, துருவை அப்படியே உள்ளே விட்டு, மேலே பசையை அப்பித் தேய்த்து, வர்ணமும் பூசிக் கொடுத்திருந்தது. நான் காந்தம் வைத்துப் பார்த்துப் புத்தகம் புரட்டி அறிந்துகொண்டதை அவருடைய விரல் ஒரு கணத்தில் அறிந்தது. அந்த விரலுக்குரியவர், இந்நகரத்தில் முப்பது வருஷமாக, பெற்றோல் நிலையத்தில் இரவுக் காவலும் கடையில் பெட்டி அடுக்குதலுமாகக் காலம் போக்கினார் என்பதையும், தமக்குத் தெரிந்த வித்தையைத் தம் சொந்தப் பேரப்பிள்ளைக்கும் ஒருநாளாவது காட்டியதில்லை என்பதையும் பின்னர் கேட்டறிந்தபோது, என் மனத்தாங்கல் தொடங்கியது.

இந்தக் காரையே நான் ஏன் பிடித்தேன் என்று கேட்கிறீர்கள். முதலாவது காரணம் மிக எளியது. நமது நோர்பரியிலே, இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த வீடுகளிற் பலவற்றுக்குக் கராஜ் உண்டு. ஆனால் அக்காலத்துச் சிறு கார்களை மனத்திற்கொண்டு கட்டியவையாதலால், இன்றைய கார் ஒன்றை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க இடமிராது. ஆகவே நம்மவர் கராஜ்கள் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் கலியாணத்துக்கு வாங்கிய அண்டாவும் வசிக்கும் இடங்களாகிவிட்டன. இந்த ஃபியட்டோ மூன்று மீற்றர் நீளமும் இல்லாதது. அகலம் ஒன்றேகால் மீற்றருக்குச் சற்று மேல். எடை சுமார் அரைத் தொன். அதை உள்ளே நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி நடந்து வேலை செய்ய இடமும் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது காரணத்தை நீங்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்கவேண்டும். யுத்தத்தில் தோற்று, உடைந்து, வறுமைப்பட்டுக் கிடந்த இத்தாலியில், ஸ்கூட்டரில் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்து போன சாமானியக் குடும்பஸ்தனுக்காக, தாந்தே ஜாக்கோசா என்னும் பொறியியலாளர் ரியூரின் நகரில் வரைந்து, 1957 ஜூலையில் வெளிவந்த கார் இது. எஞ்சின் பின்னால், சிலின்டர் இரண்டே, முதலில் 479 கன சென்ரிமீற்றர், பின்னர் 499. தண்ணீர் இல்லை, ரேடியேற்றர் இல்லை. காற்றே அதைக் குளிர்விக்கிறது. அக்காற்றை வீசும் விசிறியும் மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவும் ஒரே அச்சிற் சுழல, இரண்டையும் ஒரே பெல்ற் ஓட்டுகிறது. எஞ்சினைத் தொட்டுச் சூடாகிய அதே காற்று குளிர்காலத்தில் ஒரு குழாய் வழியே முன்னே வந்து காலுக்கு இதம் தருகிறது. ஒயிலை வடிகட்டத் தனிச் சாமான் வைக்காமல், கிராங்கின் முனையிலுள்ள கப்பிக்குள்ளேயே அது சுழன்று அழுக்கைப் பிரிக்கும்படி ஏற்பாடு. கூரையின் பெரும்பகுதி துணி. எடையும் இரும்பும் மிச்சம். திறப்பைத் திருகினால் எஞ்சின் பிடிக்காது. இரு இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள சிறு நெம்பைக் கையால் இழுக்கவேண்டும், பக்கத்திலிருக்கும் மற்ற நெம்பு சோக். இல்லாமையை முன்வைத்து யோசித்த ஒரு மூளையின் வேலை இது என்பது ஒவ்வொரு ஆணியிலும் தெரிகிறது. 1975 வரையில் ஏறக்குறைய 39 லட்சம் கார்கள் இப்படி வெளிவந்தன. 1959இல் இத்தாலியின் உயர்ந்த வடிவமைப்பு விருதான 'கொம்பாசோ தோரோ'வை இந்தச் சின்னஞ்சிறு வண்டிக்காக ஜாக்கோசாவுக்கு வழங்கினார்கள்.

ஃபியட் நமக்கு அந்நியமுமல்ல. பம்பாயில் குர்லாவிலிருந்த பிறிமியர் ஓட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100ஐத் தலைமுறைக் கணக்காகச் செய்து, 1970களின் நடுப்பகுதியில் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டி, சென்னைத் தெருக்களையும் அதனால் நிறைத்தது. நமது இலங்கையிலும் 1970களில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் ஃபியட் கார்களை இறக்கிப் பொருத்தி விற்றதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இல்லாமையை முன்வைத்து யோசித்த மூளை என்று சொன்னேனே, அப்படி யோசித்தவர்கள் ரியூரினில் மாத்திரமா இருந்தார்கள்? 1990இல் வடக்கின்மேல் பொருளாதாரத் தடை இறங்கி, மின்சாரம் நின்று, பற்றரியும் எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்ட பண்டங்களாகி, பெற்றோல் மருந்தைப்போல் துளித்துளியாக அளந்து விற்கப்பட்ட அந்த நாட்களில், ஒஸ்ரின் ஏ40ஐயும் மொரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் நீங்களல்லவா? குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதை அறிந்து, காபரேற்றரின் வாயில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர்கள். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் தாழ்ந்ததாயிருந்தபடியால் அவை அந்தத் தீனியைச் சகித்தன. புதிய கார்கள் இடித்துத் தட்டி நின்றுவிட்டன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதையும், அதனால் ஒயிலின் நிறத்தையும் பிசுக்கையும் விரலில் தொட்டுப் பார்த்து அடிக்கடி மாற்றவேண்டும் என்பதையும் எந்தக் கல்லூரியும் உங்களுக்குக் கற்பிக்கவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணையும் ஷெல் பட்ட பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனங்கள் இந்த வித்தையினாலேயே ஓடின.

இதைப் பற்றிக் கேட்டால் நீங்கள் சொல்லும் மறுமொழியோ, 'அது வில்லங்கமான காலம், இல்லாக் கொடுமைக்குச் செய்தது' என்பதுதான். இங்கேதான் உங்களோடு எனக்குப் பிணக்கு. நிர்ப்பந்தத்தினால் செய்தது என்ற காரணத்தினால் ஒரு வித்தை தாழ்ந்ததாகிவிடுமா? யுத்தத்தைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன, இன்னும் வரும். எந்தப் படை எந்தத் தெருவால் வந்தது என்று தேதிவாரியாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் எந்தச் சூட்டில் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும், அதை எந்தச் சத்தத்தால் அறியலாம், கிடையாத கஸ்கெற்றுக்குப் பதிலாக எதை வெட்டி வைத்தீர்கள் என்பவற்றை எழுதிவைத்தவர் யாரும் என் கண்ணிற் படவில்லை. அந்தச் சரித்திரம் உங்கள் தலைகளுக்குள்ளும் கைகளுக்குள்ளும் இருக்கிறது. வருஷாவருஷம் மரண அறிவித்தல்களில் உங்கள் புகைப்படத்தோடு சேர்ந்து அதுவும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்நாட்டார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நமது தெருவிலேயே பார்க்கிறீர்கள். நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, 1905க்கு முன் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் லண்டனிலிருந்து பிறைற்றனுக்குப் போகும்போது, ஸ்ரெதமும் நோர்பரியும் கடந்து குறைடனுக்குச் செல்லும் பழைய வழியில் அவை தட்டுத் தடுமாறி வருவதைப் பார்க்க, குளிரில் நின்று கைதட்டுகிறார்கள். வழியில் நின்றுபோன வண்டியைக் கீழே படுத்துத் திருத்துகிறவரை, உடுப்பெல்லாம் கரியாயிருந்தாலும், மரியாதையோடு பார்க்கிறார்கள். இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. 1990களில், பாத் நகரத்து மொரிஸ் மைனர் பட்டறை ஒன்றுக்கு வேண்டிய தகடுகளும் பாகங்களும் நமது இலங்கையின் தென்பகுதியிலே தட்டிச் செய்யப்பட்டு இங்கே வந்தன. ஆங்கிலேயரின் அபிமானக் காருக்கு இலங்கைத் தொழிலாளியின் சுத்தியல் வேண்டியிருந்தது. அந்தச் சுத்தியலுக்குச் சற்றும் குறையாத சுத்தியல்கள் நமது வீடுகளில் மாடிப்படியின் கீழே பெட்டிக்குள் கிடக்கின்றன.

பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. புதிய பெற்றோல் கார்களின் விற்பனை 2030இல் நின்றுவிடும் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. காபரேற்றர் கழுவத் தெரிந்தவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்? சம்பளத்துக்காக நான் இதைச் சிபாரிசு செய்யவில்லை. நம் பிள்ளைகள் கெட்டிக்காரர். கணிதத்தில் முதற்புள்ளி எடுக்கிறார்கள், கணினியை ஆட்டிவைக்கிறார்கள். ஆயினும் தங்கள் கையால் ஒரு பொருளைக் கழற்றி, அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து, மீண்டும் பூட்டி ஓடச்செய்யும் அனுபவம் அவர்களிற் பெரும்பாலோருக்கு ஒரு தடவைகூடக் கிட்டியதில்லை. ஃபியட் 500இன் இரண்டு பிஸ்ரன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். மாறி மாறி எரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி, இதைக் கண்ணால் பார்த்த ஒரு பதின்மூன்று வயதுப் பெண், பாடப் புத்தகத்தில் நான்கு அடிகளாக மனனம் செய்து வைத்திருந்தது இதுதானா என்று என்னிடம் கேட்டாள். அவள் அதன்பின் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கு எனக்கு மறுமொழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

செலவைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதில் இலாபம் இல்லை. வேலைக்கூலியைக் கணக்கிட்டால் நஷ்டமே. ஆனால் இலட்சக்கணக்கில் ஓடிய வண்டியாதலால் உதிரிப்பாகங்கள் இன்றும் இத்தாலியில் புதிதாகச் செய்யப்பட்டுச் சகாய விலையில் வருகின்றன. சட்டமும் இடையூறு செய்யவில்லை. 2023 ஆகஸ்ற் 29இல் தூய காற்று வலயம் நோர்பரிவரை விரிந்தபோது உங்களிற் சிலர் நல்ல டீசல் வான்களை அரைவிலைக்கு விற்றீர்களே, நாற்பது வயது கடந்த சரித்திரக் காராக முறைப்படி பதிந்த இந்தக் கிழவிக்கோ அந்த வலயத்துக்குரிய கட்டணமும் இல்லை, வருடாந்த வீதி வரியும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியதும், பெரிய மாற்றங்கள் செய்யப்படாததுமான காருக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.ரி. பரிசோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும், திருத்தி முடிந்ததும் நான் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவேன். என் பிறேக் வேலையில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை போதாது.

நம்பிக்கை போதாத இடங்கள் வேறும் இருக்கின்றன. வால்வுக்குரிய இடைவெளி 0.15 மில்லிமீற்றர் என்று கைநூல் சொல்கிறது; அளவுத் தகட்டை நுழைத்து இழுக்கும்போது அது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் சரி என்பதை எந்தக் கைநூலும் சொல்வதில்லை. கியர் மாற்றும்போது கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் எஞ்சினின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யவேண்டும். பல் உராயாமல் அது விழும் கணத்தை நீங்கள் சாய்ந்த கதிரையிலிருந்தே காதால் சொல்லிவிடுவீர்கள். தரைத்தகடு துருப்பிடித்த இடத்தில் எவ்வளவு வெட்டினால் நல்ல இரும்பு வரும், மெல்லிய தகட்டை ஒட்டும்போது சூட்டினால் அது நெளியாமல் எங்கெங்கே புள்ளி வைத்து வரவேண்டும், இன்றைய பெற்றோலில் கலக்கிற எதனோல் பழைய இறப்பர்க் குழாய்களைக் கரைக்குமாதலால் எதையெல்லாம் மாற்றுவது என்று நான் வாசித்து வாசித்துத் தேடுகிறேன். வாசிப்பு எனக்குப் பாதி வழி துணைக்கு வருகிறது. மீதி வழிக்கு ஆள் வேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம் இது. மாதத்தின் முதற் சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலிருந்து பொழுதுபடும் வரையில், என் கராஜின் கதவு திறந்திருக்கும். வாருங்கள். வரும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேரனாயினும் சரி, பேத்தியாயினும் சரி. பெண்பிள்ளைக்கு எண்ணெயும் கரியும் எதற்கு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்கள் முழங்கால் நோவும் முதுகு நோவும் எனக்குத் தெரியும், நீங்கள் குனியவேண்டாம். கதிரையில் இருந்து சொல்லுங்கள், பிள்ளைகள் செய்வார்கள். அவர்கள் பிழையாகப் பூட்டினால் பறித்துச் செய்துவிடாமல், கழற்றச் சொல்லி மறுபடி பூட்டவையுங்கள். உங்களுக்கு வேலை பழக்கியவர் தலையிற் குட்டியிருப்பார், அந்த ஒரு சம்பிரதாயத்தை மாத்திரம் ஊரிலேயே விட்டுவிடுவோம். ஸ்பானருக்கும் நட்டுக்கும் சுரைக்கும் நீங்கள் பட்டறையில் வழங்கிய சொற்களிலேயே பேசுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மாத்திரம் நான் பிடிவாதமாயிருப்பேன். ஜாக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே எவரும் போகக்கூடாது. தாங்கி வைத்தே ஆகவேண்டும். பழைய பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்குமாதலால், ஊரில் செய்ததுபோல் தூசியை வாயால் ஊதித் தள்ளக்கூடாது. இந்தக் காரின் பெற்றோல் தாங்கி முன்பக்க மூடியின் கீழே இருப்பதனால், அதை இறக்கி வெளியே வைத்த பின்னரே முன்பக்கத்தில் வெல்டிங். 'நாங்கள் காணாததோ' என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் கண்டவர்கள், பிள்ளைகள் காணாதவர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கும்போது, அந்த மண்ணெண்ணெய்க் காலத்துக் கதையை ஒருவர் ஒருவராகச் சொல்லுங்கள். வீரக் கதை வேண்டாம், செய்முறையைச் சொல்லுங்கள். எந்தக் கார், எந்தப் பாகம், எதற்குப் பதிலாக எது, எத்தனை நாள் தாங்கியது. நான் ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, உங்களிடமே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்வேன். கணக்கெழுதுகிறவனுக்கு அந்த வேலை வரும்.

முன் சில்லுகளைத் தாங்கும் கிங்பின்கள் இரண்டும் தேய்ந்துபோய், புதியவை வாங்கி வைத்திருக்கிறேன். புதிய புஷ்களை அழுத்தி இறக்கிய பின், ரீமர் போட்டுக் கிங்பின் ஆடாமலும் இறுகாமலும் உட்காரும் அளவுக்கு எடுக்கவேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் புஷ் வீண். ரீமரும் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. உங்களில் ஒருவர் வந்து, பக்கத்தில் நின்று, ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து, எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்லும்வரையில் அந்த வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன். வருகிற முதற் சனிக்கிழமையே வாருங்கள்.

இங்ஙனம்,
நோர்பரியிலிருந்து, உங்கள் தம்பி ஒருவன்